நடவுக் கால்கள்

செம்மொழியைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவர்கள் நீடாமங்கலத்தில் நிறையப் பேர் உண்டு. சொல்லட்டும். அப்படிச் சொல்கிற ஒருத்தரும் அவள் அடிக்கிற பந்துக்கு எதிரே நின்று பார்த்ததில்லை. அவள் அப்பா நல்லக்கண்ணு, பொறியாளர்கள் கிளப்பில் டென்னிஸ் ஆடுகிற மண்தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்தவர். அவர் மகள், அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிற இடத்துக்குப் போய், "எனக்கும் ரெண்டு பந்து போடுங்க" என்று கேட்டாள். போட்டார்கள். போட்டவர்களை அடுத்த வருஷமே ஜெயிக்கவும் செய்தாள். இன்றைக்கு இருபத்தொன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலையும் பார்த்துக்கொண்டு, தஞ்சாவூரில் ஆடி மாதம் நடக்கிற டெல்டா கோப்பை டென்னிஸில் வருஷா வருஷம் கடைசி ஆட்டம் வரைக்கும் போய் நிற்கிறாள். பயந்தவள் செய்கிற காரியமா இது?

ஆனால் ஒன்று இருந்தது, அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. எதிரே தஞ்சாவூர் பிரகதீஸ்வரி வந்துவிட்டால் செம்மொழி முடிக்க மாட்டாள்.

நன்றாகத்தான் ஆடுவாள். முன்னாலும் போவாள். இன்னும் ஒரு கேம் எடுத்தால் போதும் என்று ஆகும். பார்க்கிறவர்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள். அந்த நேரத்தில் என்னவோ ஆகும். பந்து போய் வலையில் விழும். இல்லாவிட்டால் வலைக்கு இந்தப் பக்கம் மெத்தென்று விழும், செம்மொழி எங்கேயோ தூரத்தில் நிற்பாள். எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கோப்பை பிரகதீஸ்வரி கையில் இருக்கும். போன வருஷம் அப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும், அதற்கும் முந்தின வருஷமும் அப்படித்தான்.

பிரகதீஸ்வரியும் லேசுப்பட்டவள் இல்லை. சென்னையில் தங்கிப் பயிற்சி எடுத்தவள், மாநிலத்திலேயே முதல் இடத்தில் இருந்தவள். கல்யாணமாகித் தஞ்சாவூருக்குத் திரும்பிய பிறகும் அவளை ஜெயிக்க டெல்டாவில் ஆள் இல்லை. அவள் இந்த ஆவணியோடு கிளம்புகிறாள். வீட்டுக்காரருக்கு ஜெர்மனியில் வேலை, குடும்பமே போகிறது. இந்த ஆடியை விட்டால் செம்மொழிக்கு அவளை ஜெயிக்க இன்னொரு நாள் கிடையாது. அடுத்த வருஷம் கோப்பை கிடைக்கும், சுலபமாகவே கிடைக்கும். ஆனால் அவள் இல்லாத இடத்தில் கிடைக்கிற கோப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதில் தண்ணீர் குடித்தால் தொண்டையில் இறங்குமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அவரவர் அரையிறுதியை ஜெயித்துவிட்டு, தஞ்சாவூர் கிளப்பில் வேப்பமரத்தடிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கழுவக் கழுவப் புழுதி ஒட்டியது.

"என்ன செம்மொழி, ஞாயித்துக்கிழமை மறுபடி நாமதானா?" என்றாள் பிரகதீஸ்வரி.

"ஆமாக்கா. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"இந்தத் தடவையாவது ஜெயிச்சிருடி. ஊரக் காலி பண்ற நேரத்துல இன்னொரு கோப்பைய நான் எங்க கொண்டு போய் வைக்கிறது? எங்க மாமியார் இப்பவே அதுலதான் வத்தல் போட்டு வச்சிருக்காங்க."

செம்மொழி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "அப்ப விட்டுக் குடுத்துருங்களேன்."

"அது மட்டும் முடியாது." பிரகதீஸ்வரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். சொல்லாம போனா எனக்கே மனசு கேக்காது. உன்ன ஜெயிக்கறதுக்கு நான் பெருசா ஒண்ணும் செய்யறதில்ல, தெரியுமா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"லீட் எடுக்கிற வரைக்கும் நீ கோட்டு மேல நின்னு ஆடுற. எனக்கே கை உதறும். லீட் எடுத்துட்டியா, அப்புறம் பாயிண்டுக்கு ஒரு அடி பின்னால போற. போய்க்கிட்டே இருக்க. கடைசியில வேலியில சாஞ்சுக்கிட்டு நிக்கிற. நான் பந்த நைசா வலைய ஒட்டி உன் பக்கம் தள்ளி விட்டுட்டுச் சும்மா நிப்பேன். நீ ஓடி வர்றதுக்குள்ள அது ரெண்டு குதி குதிச்சிரும். அவ்வளவுதான்."

"பொய்."

"பொய்யின்னா ஞாயித்துக்கிழமை பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பிரகதீஸ்வரி பையைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. செம்மொழிக்கு அதை மூடத் தோன்றவில்லை.

அவள் வீட்டுக்காரன் பகலவன் பைக்கோடு கிளப் வாசலில் காத்திருந்தான். அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். ஆடியில் வயலெல்லாம் நடவாக இருப்பதால் மிஷினுக்கு வேலை இல்லை, அவனுக்கும் இல்லை. அம்மாப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் செம்மொழி தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அவன் முதுகில் தட்டினாள்.

"மாமா, நான் பின்னாலயா போறேன்?"

"பின்னாலதானே உக்காந்திருக்க."

"கோர்ட்டுல கேக்குறேன்."

"கோர்ட்டுல நான் பந்தப் பாப்பேனா, உன் காலப் பாப்பேனா?" அவன் வண்டியை ஓரம் கட்டாமலே தலையைத் திருப்பினான். நடந்ததை அவள் சொன்னாள். கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக்கா உன்னக் கொழப்பி விடுது. எலெக்‌ஷனுக்கு மொத நாளு எதிர்க்கட்சிக்காரன் வீடு தேடி வந்து யோசனை சொல்றான்னா, அத நம்புவியா நீ?"

அங்கேதான் அவளுக்குச் சிக்கல் பிடித்தது. பிரகதீஸ்வரி சொன்னது நிஜமானால் காலைப் பார்க்க வேண்டும். பொய்யானால் காலைப் பார்க்கவே கூடாது. காலைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறவள் பந்தைப் பார்க்க மாட்டாள். ஒருவேளை அதற்காகத்தான் சொன்னாளோ? சிரித்த முகமாகத்தான் சொன்னாள். சிரித்த முகத்தோடுதான் அவள் வலையை ஒட்டித் தள்ளிவிடுகிற அந்த டிராப்பும் போடுவாள்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தாள், பிசைந்தபடியே வைத்துவிட்டாள். எழுந்தாள். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். துணி மடிக்க உட்கார்ந்து ஒரு பாவாடையைப் பாதி மடித்துவிட்டு மறுபடி எழுந்தாள்.

"தரை தேஞ்சிரும்டி" என்றான் பகலவன்.

"தேயட்டும்."

நடக்கும்போது எந்தக் கால் முன்னால் போகிறது என்று பார்த்தாள். அப்படிப் பார்த்ததில் வாசற்படி இடறி, சுண்டுவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பகலவன் பல் விளக்கிக்கொண்டு வருவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்மா வயலுக்குப் போய்விட்டாள்.

அவள் அம்மா தங்கம்மாள் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நட்டவள். இப்போது குத்தகைக்கு எடுத்து, தானே ஆள் கூட்டி நடுகிறாள். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வயல்களில் நடவு மிஷின் ஓடியது. தங்கம்மாளின் வயல் கோணல்மாணலாகக் கிடக்கும், மிஷின் திரும்பாது. அதனால் கைநடவுதான். பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்றைச் சேற்றில் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். வளைகாப்புக்குப் போன இரண்டு பேர் வராததால் வரிசையில் ஓட்டை விழுந்திருந்தது.

செம்மொழி சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"நாளைக்கு ஆட்டத்த வச்சிக்கிட்டு இங்க எதுக்குடி வந்த?" என்றாள் தங்கம்மாள், குனிந்தபடியே.

"காலப் பாக்க வந்தேன்."

"ஏன், வீட்டுல இருக்கும்போது காலு உங்கூட இல்லியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் நின்ற செவ்வந்தி சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செவ்வந்தியும் செம்மொழியும் ஒன்றாகப் படித்தவர்கள். "டீச்சரம்மா சேத்துல எறங்கிட்டாங்க, எல்லாரும் அட்டென்ஷன்ல நில்லுங்கடி" என்றாள்.

"வாய மூடிக்கிட்டு நாத்து முடிய இங்க தள்ளு" என்றாள் செம்மொழி.

நாற்று முடியை இடது கையில் பிடித்து, வலது கையால் பிரித்துப் பிரித்து ஊன்றினாள். பள்ளிக்கூட லீவு விட்டால் நடவுக்குப் போய் வளர்ந்தவள், கைக்கு மறக்கவில்லை. கை தன் பாட்டுக்குப் போனது. அவள் காலைப் பார்த்தாள். முன்னால் ஒரு வரி நட்டு முடித்ததும் இடது கால் பின்னால் போனது. வலது கால் அதன் கூடவே போனது. அடுத்த வரி, மறுபடி பின்னால். யாரும் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை. கால் தானாகப் போனது. குதிகாலைச் சேற்றிலிருந்து உருவி எடுத்து, சத்தமில்லாமல் பின்னால் வைத்து, உடம்பை அசையாமல் இழுத்துக்கொண்டு போவது அத்தனை சுகமாக இருந்தது.

வேண்டுமென்றே முன்னால் ஓர் அடி வைத்துப் பார்த்தாள்.

"ஏய், ஏய்! நட்டத மிதிக்கிறியேடி பாவி!" செவ்வந்தி கத்தினாள். "ஒனக்குப் புத்தி கித்தி பெசகிடுச்சா?"

ஊன்றிய நாற்று அவள் பாதத்தின் கீழ் மடங்கிச் சேற்றோடு சேறாகக் கிடந்தது. செம்மொழி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. நட்டதை மிதிக்கக் கூடாது. எட்டு வயதில் காலுக்குள் போய் உட்கார்ந்த வார்த்தை அது. கோர்ட்டில் ஒன்றும் கையில் இல்லாதபோது அவள் கால் முன்னால்தான் போகிறது, மிதிக்க அங்கே என்ன இருக்கிறது? நாலு கேம், ஐந்து கேம் எடுத்துவிட்டாலோ, அதெல்லாம் நட்டு வைத்த நாற்றுமாதிரி கண்ணுக்குத் தெரிகிறது. ஜாக்கிரதை, மிதித்துவிடாதே என்று கால் பின்னால் வாங்குகிறது. பிரகதீஸ்வரி பொய் சொல்லவில்லை.

பொய்யாக இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. நிஜம் என்று தெரிந்து என்ன பண்ணுவது? இருபது வருஷத்துக் காலை ஒரு ராத்திரியில் மாற்ற முடியுமா?

மறுபடி குனிந்து நட்டாள். பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். திடீரென்று குதிகாலில் கட்டியாக ஏதோ இடித்தது. வரப்பு. வரிசையில் எல்லோருக்கும் வரப்பு இடித்தது, எல்லோரும் இடுப்பில் கை கொடுத்து நிமிர்ந்தார்கள். வரப்பு வந்துவிட்டால் அதற்கு மேல் பின்னால் போக முடியாது. செம்மொழி குதிகாலால் வரப்பை இரண்டு தரம் இடித்துப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. கொஞ்சம்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காற்று சொல்லி மாளாது. கோர்ட்டுக்குக் குறுக்கே அடித்தது. பந்தை மேலே தூக்கிப் போட்டால் அது ஒரு முழம் தள்ளிப்போய் இறங்கியது. கேம் கணக்கு எழுதித் தொங்கவிட்ட அட்டைகள் படபடவென்று அடித்துக்கொள்ள, யாரோ துணிக் கிளிப் கொண்டுவந்து மாட்டினார்கள்.

முதல் செட்டைப் பிரகதீஸ்வரி எடுத்தாள். இரண்டாவது செட்டைச் செம்மொழி எடுத்தாள். மூன்றாவதில், ஆறு கேம் எடுத்தால் கோப்பை என்ற இடத்தில், செம்மொழி ஐந்து, பிரகதீஸ்வரி இரண்டு. பார்க்கிறவர்கள் யாரும் செருப்பைத் தேடவில்லை. மூன்று வருஷமாகப் பார்த்தவர்கள் அல்லவா, அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பகலவன் கம்பி வேலிக்கு வெளியே நின்று, போனில் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தான். தங்கம்மாள் வயலை விட்டு வர முடியாது, போனை வரப்பில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அஞ்சுக்கு ரெண்டு. நம்ம பொண்ணுதான் அஞ்சு."

"போன தடவையும் அஞ்சுன்னுதானடா சொன்ன?" என்றது போன்.

பக்கம் மாறுகிற நேரம். செம்மொழி புதுப் பக்கத்துக்கு வந்ததும் யாரும் எதிர்பாராத ஒரு வேலை செய்தாள். பின்கோட்டுக்கு ஓர் எட்டு பின்னால், செம்மண்ணில் ஷூ குதிகாலை அழுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு இழுத்தாள். தடித்த கோடு, மண் கொஞ்சம் மேடாகவே எழும்பி நின்றது. அது அவளுக்கு வரப்பு.

அந்தக் கேம் பிரகதீஸ்வரியின் சர்வீஸ், அவள் எடுத்துக்கொண்டாள். ஐந்துக்கு மூன்று. அடுத்தது செம்மொழியின் சர்வீஸ். முதல் பாயிண்டில் கால் பின்னால் வாங்கியது. குதிகாலில் மண்மேடு தட்டியது. நின்றாள். பந்து மெத்தென்று வலைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது, அதே டிராப், மூன்று வருஷத்து டிராப். ஆனால் இந்தத் தடவை தூரம் குறைவு. ஓடிப் போய் அடித்தாள். பாயிண்டு அவளுக்கு. அடுத்ததும் அவளுக்கு.

பிரகதீஸ்வரி மட்டையைத் தூக்கி நடுவரைப் பார்த்தாள். "அம்பயர், அந்தப் பக்கம் தரையில என்னமோ கோடு இருக்கு."

நடுவர் ஃபஹத் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "இது என்ன மேடம்?"

"வரப்புங்க."

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார். நிக்கறதுக்கு ஒரு அடையாளம்."

"ஏற்கெனவே இருக்கிற கோட்டுக்கே நான் கண்ண விரிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்தக் காத்துல நீங்க வேற புதுசா ஒண்ணு போட்டா எப்படி? அழிச்சிருங்க, ப்ளீஸ்."

சட்டம் சட்டம்தான். செம்மொழி தன் ஷூவாலேயே தேய்த்து அழித்தாள். வலைக்கு அந்தப் பக்கம் பிரகதீஸ்வரி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அந்தக் கோடு எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் செம்மொழி பட்ட பாடு! ஒரு பாயிண்டை விட்டு, இன்னும் ஒன்றை எடுத்து, இரண்டு மேட்ச் பாயிண்டு கையில் வந்தது. இரண்டில் ஒன்றை எடுத்தால் கோப்பை. குதிகால் பின்னால் போய்ப் போய் வரப்பைத் தேடியது. அங்கே வரப்பு இல்லை. இன்னும் பின்னால் போய்த் தேடியது. ஒரு டிராப், தொட முடியவில்லை. இன்னொரு டிராப், பாதி தூரம்கூட வரவில்லை. பிறகு ஒரு பந்தை வலையில் அடித்தாள். ஒன்றை வேலிக்கே அடித்தாள். ஐந்துக்கு நாலு.

"போச்சு அத்தை, போச்சு" என்று வேலிக்கு வெளியே பகலவன் போனில் அழாத குறையாகச் சொன்னது உள்ளே கேட்டது. பிறகு அவனால் அங்கே நிற்க முடியவில்லை. டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

மறுபடி பக்கம் மாற வேண்டும். உட்கார நாற்காலி இருந்தது, செம்மொழி உட்காரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். முழங்கால் தனியாக ஆடியது. எதைப் பார்க்கவும் பிடிக்காமல் அட்டைப் பலகையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே ஐந்து. காற்று அந்த அட்டையை இழுத்து இழுத்து அறைந்தது. துணிக் கிளிப் இறுக்கமாகக் கவ்வியிருந்தது. அட்டை ஆடியது, ஐந்து ஐந்தாகவே இருந்தது.

அவள் அதையே பார்த்தாள். இரண்டு மேட்ச் பாயிண்டைத் தொலைத்தாகிவிட்டது, கேமையும் விட்டாகிவிட்டது. இருந்தும் ஐந்து நாலாக ஆகவில்லை. பிரகதீஸ்வரி என்ன பண்ணினாலும் அது நாலாக ஆகாது. இது நாற்று இல்லையே. மேலே ஏறி நின்று மிதித்தாலும் இது சாயாதே. இத்தனை வருஷம் எதை மிதித்துவிடுவோம் என்று பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்?

அதனால் படபடப்பு நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிற்கவில்லை. முழங்கால் ஆடிக்கொண்டேதான் கோர்ட்டுக்குள் போனாள். ஆனால் பின்கோட்டில் ஷூ நுனியை வைத்து நின்றுகொண்டாள்.

பிரகதீஸ்வரியின் சர்வீஸ். மாறி மாறி வந்தது. ஒன்று இவளுக்கு, ஒன்று அவளுக்கு. குதிகால் எழும்பும்போதெல்லாம் செம்மொழி வாய்க்குள்ளேயே, "மிதி, மிதி" என்று சொல்லிக்கொண்டு காலை முன்னால் வைத்தாள். சில தடவை கால் கேட்டது, சில தடவை கேட்கவில்லை. இரண்டு பேரும் சமமாக வந்து நின்றார்கள். அடுத்த பந்தைப் பிரகதீஸ்வரி காற்றில் தவறவிட்டாள்.

"அட்வான்டேஜ், செம்மொழி" என்றார் ஃபஹத்.

மறுபடி மேட்ச் பாயிண்டு. கிளப்பில் ஒரு சத்தமில்லை. அட்டை மட்டும் படபடத்தது.

சர்வீஸ் வந்தது, திருப்பினாள். வந்தது, திருப்பினாள். கால் பின்னால் இழுத்தது. இடது குதிகால் மண்ணைவிட்டு எழும்பிப் பின்பக்கம் திரும்பிவிட்டது. மிதி! காலைப் பிடுங்கி முன்னால் வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். அப்போது பிரகதீஸ்வரியின் மணிக்கட்டு மெல்லச் சாய்ந்தது. டிராப் வருகிறது. பந்து வலையைத் தாண்டுவதற்குள்ளேயே செம்மொழி பாதி தூரம் வந்திருந்தாள். குனிந்து, தரையோடு தரையாகப் பந்தைத் தோண்டி எடுத்து அந்தப் பக்கம் அனுப்பினாள்.

இரண்டு பேரும் வலையின் இரண்டு பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரம். பிரகதீஸ்வரிக்குக் கண் ஒரு நொடி விரிந்தது. ஆனால் அவள் பிரகதீஸ்வரி ஆயிற்றே. வந்த பந்தைச் செம்மொழியின் தலைக்கு மேலே உயரமாகத் தூக்கிவிட்டாள்.

பந்து மேலே போனது. காற்று அதைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளியது. இந்த மாதிரிப் பந்துக்கு எல்லோரும் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவார்கள், ஓடி முடித்துப் பார்த்தால் பந்து இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. செம்மொழி திரும்பவில்லை. முகம் பந்தைப் பார்த்தபடி, உடம்பு குலுங்காமல், சின்னச் சின்னதாகப் பின்னால் அடி வைத்துப் போனாள். இடது, வலது, இடது. முழங்கால் ஆழச் சேற்றில் விழாமல் பின்னால் போன கால்களுக்கு, உருளை போட்ட மண்தரை என்ன பெரிய காரியம்? பந்து எங்கே ஒதுங்கியதோ அங்கேயே அவளும் ஒதுங்கினாள். எட்டி மேலேயே வைத்து ஓங்கி அடித்தாள்.

பந்து பிரகதீஸ்வரியைத் தாண்டி மூலைக்குப் போய் விழுந்து வேலியில் மோதியது. உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா? புழுதி எழும்பிக் கோடே தெரியவில்லை.

ஃபஹத் நாற்காலியை விட்டு இறங்க ஆரம்பித்தார். மண்தரையில் பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும், அதை அவர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் வருவதற்குள் பிரகதீஸ்வரி அந்த மூலைக்குப் போனாள். குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். செம்மொழி நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மட்டையின் கம்பிகளை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பிரகதீஸ்வரி நிமிர்ந்தாள். ஷூவைத் தூக்கி, அந்தத் தடத்தை மண்ணோடு தேய்த்து அழித்துவிட்டு, வலையை நோக்கி நடந்து வந்தாள்.

தன் பக்கத்தில் விழுந்த தடத்தைத் தானே அழித்தால், பந்து உள்ளேதான் விழுந்தது என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அது தெரிந்தவர்கள் முதலில் கை தட்டினார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துத் தட்டினார்கள். செம்மொழிக்கு அது தெரியும். ஆனாலும் அவள், "உள்ளயா? உள்ளயா?" என்று ஃபஹத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உள்ளதான் மேடம். ஜெயிச்சிட்டீங்க. வந்து கை குடுங்க."

வலைக்கு மேலே பிரகதீஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகம் வியர்வையும் செம்மண்ணுமாக இருந்தது. "சொல்லிக் குடுத்துக் கெட்டவ நான்தான்டி. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

"பின்னால போறேன்னுதானேக்கா சொன்னீங்க?" செம்மொழிக்கு மூச்சு வாங்கியது. "போனேன்ல?"

பிரகதீஸ்வரி ஒரு நிமிஷம் அவளை முறைத்தாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டும் கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது.

பகலவன் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தான். டீ முழுக்க அவன் சட்டையில் இருந்தது. "என்ன ஆச்சு? கை தட்டுனாங்களே, யாருக்குத் தட்டுனாங்க?"

"மாமா, போனக் குடுங்க."

போனுக்கு அந்தப் பக்கம் சேற்றில் கால் உருவுகிற சத்தமும் செவ்வந்தியின் குரலும் கேட்டன.

"அம்மா, ஜெயிச்சிட்டேன்."

சேற்றில் கால் உருவுகிற சத்தம் நின்றது. பிறகு வரிசை முழுக்கச் சேர்ந்து குலவை போட்டது. போன் அதிர்ந்தது. குலவை அடங்கியதும் தங்கம்மாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. உடனே அதை மறைக்கிற மாதிரி அதட்டலாக, "சரி, சரி. வளைகாப்புக்குப் போனவளுங்க நாளைக்கும் வரலயாம். கீழ வயலு அப்படியே கெடக்கு. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால வந்து எறங்கு" என்றாள்.

"வர்றேம்மா."

"வந்தா நேத்து மாதிரி நட்டத மிதிக்கப்படாது."

"மிதிக்க மாட்டேன்" என்றாள் செம்மொழி. கோப்பை கொடுக்கக் கூப்பிட்டார்கள். போகாமல் அங்கேயே நின்றாள். முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. ஆடிவிட்டுப் போகட்டும் என்று அதையும் இழுத்துக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள்.